ஹவுஸ் சர்ஜன் வருடத்தில் செய்யக் கூடாத தவறுகள்

நாலரை ஆண்டு எம்பிபிஎஸ் வகுப்பு முடிந்ததும் 12 மாதம் சிஆர்ஆர்ஐ, அதாவது துறை துறையாகச் சுற்றி வரும் கட்டாயப் பயிற்சி. அதைச் செய்பவர்தான் ஹவுஸ் சர்ஜன். ஒவ்வொரு பேட்ச்சும் முந்தைய பேட்ச் விழுந்த அதே குழிகளில்தான் விழுகிறது. கேனுலா ஊசி ரத்த நாளத்தில் ஏறாதது, ரத்த மாதிரிக் குப்பியில் பெயர் எழுத மறப்பது எல்லாம் நாலு திட்டு வாங்கினால் சரியாகிவிடும். அப்படிச் சரியாகாதவை மட்டும் இங்கே.

லீவு கணக்கு

வருடம் முழுக்கச் சேர்த்து 15 நாள்தான் லீவு, அதுவும் முன்அனுமதியோடு. 16-வது நாளிலிருந்து எடுப்பதெல்லாம் எக்ஸ்டென்ஷனாக, அதாவது பயிற்சி நீட்டிப்பாகத் திரும்பி வரும். "நீ படி மச்சான், வார்டை நான் பாத்துக்கறேன்" என்று இரண்டு பேர் தங்களுக்குள் பேசிக்கொள்வது லீவு ஆகாது. பதிவேட்டில் அது ஆப்சென்ட். 15 நாளுக்குள் இருந்தாலும் ஈடு செய்துதான் ஆக வேண்டும்.

நாலு நாள் எக்ஸ்டென்ஷன்தானே என்று தோன்றும். ஆனால் மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வான நீட் பிஜி எழுத, குறிப்பிட்ட தேதிக்குள் சிஆர்ஆர்ஐ முடிந்திருக்க வேண்டும். 2025 தேர்வுக்கு அந்தத் தேதி ஜூலை 31. 2024 ஜூலை 29-ல் சேர்ந்த ஒருவருக்கு 2025 ஜூலை 28-ல் முடியும். அவர் 19 நாள் லீவு போட்டிருந்தால் முடிவது ஆகஸ்ட் 1. ஒரே ஒரு நாள். ஒரு வருடம் போச்சு. இதில் எரிச்சல் என்னவென்றால், கூடுதலாகப் போட்ட அந்த நாலு நாளும் பெரும்பாலும் நீட் பிஜிக்குப் படிக்கப் போட்டதாகவே இருக்கும்.

2023-ல் இந்தக் கட்-ஆஃப் தேதியைத் தள்ளிவைத்தார்கள், உண்மைதான். அதை நம்பி லீவு போடுவது சூதாட்டம்.

லீவு கணக்கில் ஓட்டை அதிகம் விழுவது சமூக மருத்துவத்தில். பொது மருத்துவமும் பொது அறுவையும் தலா 6 வாரம். இது மட்டும் 12 வாரம். இந்தப் பயிற்சி நடக்கும் பிஎச்சி (ஆரம்ப சுகாதார நிலையம்) என்றாலே படிப்பு விடுமுறை என்ற நினைப்பு. அங்கே வருகைக்குக் கையெழுத்துப் போடும் மருத்துவ அலுவலருக்கு எண்ணத் தெரியும்.

சேர்ந்த அன்றே முடியும் தேதியைக் குறித்து வையுங்கள். அனுமதி கிடைத்த ஒவ்வொரு லீவுக் கடிதத்தையும் போட்டோ எடுங்கள். ஒவ்வொரு போஸ்டிங்கும் (ஒரு துறையில் செய்யும் பயிற்சி) முடிந்த வாரமே, துறை அலுவலகக் கணக்கு உங்கள் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கடைசி மூன்று மாதத்துக்கு ஐந்தாறு நாள் கையிருப்பு வேண்டும். டெங்கு நாள் பார்த்து வராது.

லாக் புக்

செய்த வேலைகளைக் குறித்து வைக்கும் இந்தப் புத்தகத்தில், போஸ்டிங் முடியும் நாளிலேயே கையெழுத்து வாங்குங்கள். யூனிட் சீஃப் மாற்றலாகிப் போன பிறகு, எட்டு மாதத்துக்கு முன் நீங்கள் தையல் போட்டதற்கு யார் சாட்சி?

ஊசி குத்தினால்

பிதுக்காதீர்கள். சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, உடனே டியூட்டி டாக்டரிடம் சொல்லுங்கள். நோயாளியின் எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, சி முடிவுகளைப் பார்க்க வேண்டும். எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். டியூட்டி முடியட்டும், காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று பேசாமல் இருப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி

மூன்று தவணை: 0, 1, 6 மாதம். வார்டுக்குள் கால் வைக்கும் முன்பே.

இறப்புச் சான்றும் மருத்துவ-சட்ட ஆவணங்களும்

தற்காலிகப் பதிவில் (சிஆர்ஆர்ஐ காலத்துக்கான மருத்துவர் பதிவு) இருக்கும்வரை இவற்றை உங்கள் கையெழுத்தில் கொடுக்கக் கூடாது. இரவு 2 மணிக்கு யார் கேட்டாலும்.