கூடுவாஞ்சேரியா, திருநின்றவூரா? இரண்டு புறநகரை ஒப்பிட்டு வீடு தேடுவது எப்படி

என் மச்சினனுக்குக் கிண்டியில் வேலை. அவன் மனைவிக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில். கையிருப்பும் வங்கிக் கடனும் சேர்த்து 55 லட்சத்துக்குள் ஒரு வீடு பார்க்கிறார்கள். ஆறு மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் எங்கள் வீட்டில் பட்டிமன்றம்: சென்னைக்குத் தெற்கே தாம்பரம் தாண்டிய கூடுவாஞ்சேரியா, மேற்கே ஆவடி தாண்டிய திருநின்றவூரா?

திருநின்றவூர் பூசலார் நாயனாரின் ஊர். கையில் காசு இல்லாததால் மனசுக்குள்ளேயே கல் சேர்த்து, நாள் பார்த்து, கோயில் கட்டி முடித்தவர். மச்சினனும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருந்தான். கூடத்தில் ஊஞ்சல், மொட்டை மாடியில் கீரைப் பாத்தி எல்லாம் தயார், ஊர் மட்டும் பாக்கி. கடைசியில் ஒரு நோட்டை எடுத்து உட்கார்ந்தோம். அந்த நோட்டில் எழுதியதைத்தான் இங்கே வரிசையாகத் தருகிறேன். உங்கள் இரண்டு ஊர்கள் வேறாக இருந்தாலும் பார்க்கும் முறை இதுதான்.

படி 1: முதலில் வீட்டு ஆட்களை எழுதுங்கள்

ஊரைப் பற்றி இப்போதைக்கு ஒன்றும் எழுத வேண்டாம். வீட்டில் யார் யார், தினம் எங்கே போக வேண்டும், எத்தனை மணிக்குள், திரும்பி வரத் தாமதமானால் யாருக்குச் சிக்கல். குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவது யார் என்று கேட்டதும் மச்சினன் மனைவியைப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. அந்த ஒரு கேள்வியிலேயே பாதி விஷயம் வெளியே வந்துவிட்டது.

சொந்த ஊர் எந்தத் திசையில் என்பதையும் எழுதுங்கள். மதுரை, நெல்லைப் பக்கம் என்றால் கூடுவாஞ்சேரிக்கு ஒரு மதிப்பெண் கூட. பக்கத்தில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட பிறகு, தென் மாவட்ட பஸ்ஸைப் பிடிக்க ஊருக்குள் கோயம்பேடு வரை போக வேண்டிய வேலை இல்லை. தாம்பரத்தில் தென்மாவட்ட ரயில்களும் கிடைக்கும். அரக்கோணம், வேலூர்ப் பக்கம் என்றால் திருநின்றவூர். அப்பா அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போகும் வயது வந்துவிட்டால் இந்த வரி கனமாகும்.

படி 2: ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போய்ப் பாருங்கள்

புரோக்கர் உங்களை ஞாயிறு பதினோரு மணிக்கு ஏ.சி. காரில் கூட்டிப்போவார். சாலை காலி, வெயில் கண்ணாடிக்கு வெளியே. "ஸ்டேஷன்ல இருந்து அஞ்சு நிமிஷம் சார்" என்பார். நாங்கள் பார்த்த ஒரு வீட்டிலிருந்து நிலையத்துக்கு நான் நடந்து பார்த்தேன். 26 நிமிடம். அவர் சொன்னது பொய்யும் இல்லை, காரில் அஞ்சு நிமிஷம்தான்.

அதனால் ஒரு நாள் லீவு போட்டு, வாரநாள் காலையில் அந்தத் தெருவிலிருந்து கிளம்பி உங்கள் அலுவலக வாசல் வரை போங்கள். கையில் கடிகாரம். மாலையில் அதே போல் திரும்பி வாருங்கள். இரண்டு ஊருக்கும் இரண்டு நாள். கடன் 20 வருஷம் என்றால் இரண்டு நாள் லீவு பெரிய விஷயம் இல்லை.

எங்கள் கணக்கைச் சொல்கிறேன். கூடுவாஞ்சேரியிலிருந்து கிண்டிக்கு ஒரே ரயில், வீட்டு வாசலிலிருந்து அலுவலக வாசல் வரை 1 மணி 15 நிமிடம். ஆனால் அதே வீட்டிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு? பார்க் ஸ்டேஷனில் இறங்கி, சுரங்கப்பாதையில் எதிர்ப்பக்கம் சென்ட்ரலுக்கு வந்து, திருவள்ளூர் மார்க்க ரயில் பிடித்து, பட்டரவாக்கத்தில் இறங்க வேண்டும். 2 மணி 15 நிமிடம். திருநின்றவூரிலிருந்து அவளுக்கு 50 நிமிடம்தான். அவனுக்கு சென்ட்ரல் வரை புறநகர் ரயில், அங்கிருந்து கிண்டிக்கு மெட்ரோ, ஆக 1 மணி 55 நிமிடம். ஒரு வழிக்கு இருவர் நேரத்தையும் கூட்டினால் கூடுவாஞ்சேரி 3 மணி 30 நிமிடம், திருநின்றவூர் 2 மணி 45 நிமிடம்.

கூட்டலோடு நிறுத்தாதீர்கள். யாருடைய நேரம் என்றும் பாருங்கள். மாலை ஐந்தரைக்குள் வீட்டில் இருக்க வேண்டியவர் எவரோ, அவருடைய வழி சின்னதாக இருக்க வேண்டும். இருவருமே கிண்டியில் வேலை பார்த்திருந்தால் நான் யோசிக்காமல் கூடுவாஞ்சேரி என்றிருப்பேன்.

ரயில் விஷயத்தில் புதிதாக வருபவர்கள் தவறவிடும் ஒன்று: சென்னைக் கடற்கரை ஸ்டேஷனிலிருந்து வரும் எல்லா வண்டியும் கூடுவாஞ்சேரிக்கு வராது. பெரும்பாலானவை தாம்பரத்தோடு சரி. செங்கல்பட்டு மார்க்கத்தில் தாம்பரம் தாண்டிப் போகும் வண்டி வந்தால்தான் உண்டு. மேற்கிலும் இதே கதை. ஆவடி வண்டி ஆவடியோடு முடியும். பட்டாபிராம் மிலிட்டரி சைடிங் என்று போர்டு போட்ட வண்டியில் ஏறினால் அது கிளைப்பாதையில் திரும்பிவிடும், திருநின்றவூர் வராது. எனவே கால அட்டவணையில் தாம்பரத்தையும் ஆவடியையும் கடந்து வரும் வண்டிகளை மட்டும் எண்ணுங்கள். முக்கியமாக, இரவு 9 மணிக்கு மேல் எத்தனை.

சாலை வழி போகிறவர்களுக்கு: வெள்ளி மாலையும் தீபாவளி, பொங்கலுக்கு முந்தின நாளும் கூடுவாஞ்சேரி வழியாகத் தெற்கே போகும் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலை எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கூடுவாஞ்சேரிக்குப் பக்கத்து வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கி.மீ. போகும் வெளிவட்டச் சாலை, திருநின்றவூருக்குப் பக்கத்து நெமிலிச்சேரி வழியாகத்தான் போகிறது. அதனால் சொந்த வண்டி உள்ளவர்களுக்கு இந்த இரண்டு ஊரும் வரைபடத்தில் தெரிவதைவிடக் கிட்டத்தில்தான் இருக்கின்றன.

படி 3: மழைத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேளுங்கள்

இந்தப் படியில்தான் அவசரப்படக் கூடாது. 2015 டிசம்பரில் தாம்பரம் பக்கத்து முடிச்சூரும் வரதராஜபுரமும் முழுகியதை எல்லாரும் டிவியில் பார்த்தோம். அந்த வெள்ளம் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வந்தது என்றே பலர் நினைக்கிறார்கள். ஆனால் அடையாற்றில் செம்பரம்பாக்கம் உபரி நீர் வந்து சேரும் இடத்துக்கு முன்பே அந்த இரண்டு ஊரும் இருக்கின்றன. கூடுவாஞ்சேரியைச் சுற்றியுள்ள ஆதனூர், ஊரப்பாக்கம், நந்திவரம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்தால் அந்தத் தண்ணீருக்கு அடையாறுதான் போக்கிடம். திருநின்றவூரிலும் பெரிய ஏரி உண்டு, அதன் கரையை ஒட்டி மனைகளும் உண்டு. ஆகவே "அந்த ஊர் முழுகும், இந்த ஊர் முழுகாது" என்று ஒரே வரியில் பேச முடியாது. தெருவுக்குத் தெரு வித்தியாசம்.

தெருவைப் படிப்பது எப்படி? பழைய வீடுகளின் வாசலைப் பாருங்கள். சாலையிலிருந்து வீட்டுக்குள் படி இறங்குகிறதா? சாலையை ஒவ்வொரு முறையும் ஏற்றிப் போட்டிருக்கிறார்கள், மழை நீர் இனி வீட்டுக்குள்தான். மதில் சுவரில் ஒரே உயரத்தில் பழுப்புக் கோடு ஓடுகிறதா? கரண்ட் மீட்டர் பெட்டியைக் கழுத்து உயரத்துக்கு மாற்றியிருக்கிறார்களா? புது வீடுகள் எல்லாம் நாலடி அடித்தளம் போட்டு நிற்கின்றனவா? அப்படி நின்றால் கட்டியவர்களுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது.

அப்புறம் ஆட்களிடம் கேளுங்கள். கேட்கும் விதம் முக்கியம். "இங்கே தண்ணி நிக்குமா?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டால் நிற்காது என்றுதான் வரும், அவருக்கும் மனை விலை இருக்கிறதே. நான் திருநின்றவூரில் ஒரு முனையில் இஸ்திரி வண்டிக்காரரிடம், "மழை வந்தா வண்டிய எங்கண்ணே நிறுத்துவீங்க?" என்று கேட்டேன். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, நாங்கள் பார்க்க வந்த வீட்டுக்கு எதிர்த்திசையில் கை காட்டினார். "மேட்டுத் தெருவுக்குத் தள்ளிட்டுப் போயிடுவேன். இங்க கரியும் நனையும், துணியும் நனையும்." வண்டி இரண்டு தெரு தள்ளிப் போகிறது என்றால் வேறு என்ன சாட்சி வேண்டும்?

காகிதத்திலும் தடயம் இருக்கிறது. தமிழ்நாடு அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் பட்டா, சிட்டா இலவசமாகப் பார்க்கலாம். அதில் நன்செய் என்று இருக்கிறதா, புன்செய் என்று இருக்கிறதா பாருங்கள். நன்செய் என்றால் அது ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலம். ஏரித் தண்ணீர் தானாக ஓடிவரும் அளவுக்குத் தாழ்வான இடம் என்றுதான் அர்த்தம். நெல்லை எடுத்துவிட்டு வீடு கட்டினோம், தண்ணீருக்கு அது தெரியாது. புல வரைபடத்தில் வாய்க்கால் பக்கத்தில் ஓடுகிறதா என்பதையும் பாருங்கள்.

குடிக்கிற தண்ணீர் அடுத்தது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு போர் தண்ணீரில் முக்கிப் பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழி இல்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. போர் எத்தனை அடி, மே மாதம் லாரி வருகிறதா, கழிவுநீர் லாரிக்கு எத்தனை மாதத்துக்கு ஒரு முறை பணம் கொடுக்கிறார்கள், இவ்வளவும் கேட்டால் மாதச் செலவு தெரிந்துவிடும்.

படி 4: பெயரை நம்பாதீர்கள், கிராமத்தைக் கேளுங்கள்

விளம்பரத்தில் "கூடுவாஞ்சேரி" என்று இருக்கும். பத்திரத்தில் காரணைப்புதுச்சேரியோ ஆதனூரோ இருக்கும். "திருநின்றவூர்" என்று கூட்டிப்போய் வேப்பம்பட்டில் நிறுத்துவார்கள். அந்த ஊர்கள் மட்டம் என்று சொல்லவில்லை. ஆனால் நகராட்சியா ஊராட்சியா என்பதைப் பொறுத்து வரி, குப்பை, தெருவிளக்கு எல்லாம் மாறும். இரண்டு வீட்டின் விலையை ஒப்பிடும்போது இதை மறந்தால் ஒப்பீடே தப்பு.

படி 5: பணமும் காகிதமும்

55 லட்சம் வீட்டுக்கு 55 லட்சம் போதாது. 30 முதல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு ரிசர்வ் வங்கி விதிப்படி சொத்து மதிப்பில் 80 சதவீதம் வரைதான் வங்கி தரலாம். அப்படியானால் 44 லட்சம் கடன், 11 லட்சம் உங்கள் கை. பழைய வீடு என்றால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், அதற்கு ஏறக்குறைய 5 லட்சம், இதைக் கடனில் சேர்க்க மாட்டார்கள். ஆக 16 லட்சம் ரொக்கம் வேண்டும். மச்சினன் இந்த வரியில்தான் ஊஞ்சல் கனவைக் கோடு போட்டு அடித்தான்.

சொத்தின் மேல் அடமானம், கடன் உண்டா என்று காட்டும் வில்லங்கச் சான்றையும், அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பையும் பதிவுத்துறையின் தளத்தில் நீங்களே பார்க்கலாம். மனை என்றால் சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் இருக்கிறதா பாருங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் அல்லது 8 வீடுகளுக்கு மேல் கட்டி விற்கும் திட்டம் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண். இதெல்லாம் பார்த்த பிறகும் ஒரு வக்கீலிடம் மூலப் பத்திரத்தைக் காட்டிவிடுங்கள்.

படி 6: வந்ததற்குக் காசு கொடுங்கள், வரப்போவதற்குக் கொடுக்காதீர்கள்

விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கத்துக்கு மெட்ரோ, கோயம்பேட்டிலிருந்து பட்டாபிராமுக்கு மெட்ரோ. விற்பனை நோட்டீஸில் இரண்டும் ஓடிக்கொண்டிருக்கின்றன. தண்டவாளத்தில் இல்லை. கிளாம்பாக்கம் முனையமும், 2024 நவம்பரில் திறந்த பட்டாபிராம் டைடல் ஐ.டி. பூங்காவும் கண்ணெதிரே நிற்பவை, அவற்றுக்காக விலை கூடுவது நியாயம். மற்றதெல்லாம் வந்தால் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: முடிந்தால் ஒரு மழைக்காலம் வாடகைக்கு இருங்கள்

எல்லாருக்கும் இது முடியாது. முடிந்தால் ஆவணியில் வாடகை வீடு பிடித்து, கார்த்திகை வரை இருந்து பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். மச்சினன் குடும்பம் திருநின்றவூரில் மேட்டுத் தெருப் பக்கம் ஒரு மாடி வீட்டுக்கு வாடகைக்குப் போனது. ஐப்பசியில் முதல் பெரிய மழை பெய்த ராத்திரி அவனிடமிருந்து வாட்ஸ்ஆப்பில் ஒரு படம் வந்தது. குடை பிடித்துக்கொண்டு, நாங்கள் அன்று பார்த்த வீட்டு வாசல் வரை போயிருக்கிறான். இரண்டாம் படி வரை தண்ணீர்.

"மாமா, இஸ்திரி வண்டி நம்ம வீட்டு வாசல்லதான் நிக்குது" என்று கீழே எழுதியிருந்தான்.