வூஷியா கதைக்குக் குருகுலம் கட்டுவது எப்படி? குரு செத்த பிறகும் கதை நிற்காமல் ஓட

மிங் காலத்து ஃபூஜியன், வூயி மலை, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு வாள் குருகுலம். வூஷியா என்றால் வாள்வீரர்களைப் பற்றிய சீன சாகசக் கதை. நான் எழுதத் தொடங்கிய முதல் வூஷியா தொடர் இதுதான். எட்டு அத்தியாயம் தடையில்லாமல் வந்தது. ஒன்பதாவதில் குருவைக் கொன்றேன், கதை அங்கேயே படுத்துவிட்டது. அடுத்த தலைவர் யார்? ரகசிய வாள்முறை யாருக்குத் தெரியும்? எதற்கும் என்னிடம் பதில் இல்லை. நான்கு மாதம் கழித்து அஸ்திவாரத்திலிருந்து திரும்பக் கட்டினேன். அந்த வரிசையைத்தான் இங்கே தருகிறேன். ஆங்கிலத்தில் செக்ட் என்று படித்திருப்பீர்கள், நான் குருகுலம் என்றே எழுதுகிறேன். ஜியாங்ஹூ என்பது இந்த வீரர்கள் உலவும் உலகம், உள்மூச்சுப் பயிற்சி என்பது மூச்சால் உடலுக்குள் பலம் சேர்ப்பது.

படி 1: மலையைத் தேர்ந்தெடுங்கள்

நிஜ மலையாக இருக்கட்டும். பெயர்பெற்ற குருகுலங்களைப் பாருங்கள்: ஷாவோலின் மடம் ஹெனான் மாகாணத்தின் சோங் மலையில் இருக்கிறது, வூடாங் ஹூபேயில், ஏமெய் சிச்சுவானில். கூகுள் மேப்ஸில் மேடுபள்ளம் தெரியும் காட்சியைப் போட்டு அடிவார ஊர், ஆறு, சாலை மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்தப் படிக்கு அரைமணி நேரம் போதும்.

படி 2: சோற்றுக்கு வழி சொல்லுங்கள்

நாற்பது பேர் விடியற்காலையில் வாள் சுழற்றினால், மத்தியானம் நாற்பது பேருக்கும் பசிக்கும். அரிசி எங்கிருந்து வருகிறது? ஷாவோலின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது. 621இல், பின்னாளில் டாங் பேரரசரான லி ஷிமினின் பக்கம் நின்று போரிட்டதற்காகத் துறவிகளுக்கு நாற்பது சிங் (பழைய சீன நில அளவு) நிலமும் ஒரு நீராலையும் கிடைத்தன. 728இல் நட்ட கல்வெட்டு அதைச் சொல்கிறது. புகழோடு சேர்ந்து வயலும் மாவரைக்கும் ஆலையும் வந்ததால்தான் மடம் ஊன்றி நின்றது.

கதையில் இதை வூஷியா எழுத்தாளர் ஜின் யோங் செய்த அழகைப் பாருங்கள். 1967இல் ஹாங்காங்கின் மிங் பாவோ நாளிதழில் அவர் தொடங்கிய தொடர், சரக்குக்குக் காவல் போகும் ஒரு குடும்பத் தொழிலில்தான் ஆரம்பிக்கிறது. முதலாளி லின் ஜென்நான் மகனுக்குக் கணக்குச் சொல்கிறார்: தொழிலில் பெயருக்கு இரண்டு பங்கு, வித்தைக்கு இரண்டு பங்கு, மீதி ஆறு பங்கு நாலு பேர் நமக்குக் கொடுக்கும் முகத்தாட்சண்யம். அதற்காகவே ஏமெய், சிங்செங் குருகுலங்களுக்கு வருஷாவருஷம் பரிசு அனுப்புகிறார். ஒரு குருகுலத்தின் வருமானம் எப்படிப்பட்டது என்பது அந்தப் பேச்சிலேயே வந்துவிடுகிறது. என் வூயி குருகுலம் தேயிலைச் சுமைகளுக்குத் துணை போய்ச் சம்பாதிக்கிறது.

படி 3: யார் யாரை எப்படிக் கூப்பிடுவார்கள்?

குருவைக் கூப்பிடும் ஷிஃபு என்ற சீனச் சொல்லில் ஆசானோடு அப்பாவும் சேர்ந்தே இருக்கிறார். சிஷ்யர்கள் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை. பொதுவாக வயதைப் பார்ப்பதில்லை, யார் முதலில் சேர்ந்தார் என்பதே கணக்கு. ஜின் யோங்கின் அதே 1967 தொடரில் ஹுவாஷான் குருகுலத்தின் செல்லப்பெண் யுவே லிங்ஷான், புதிதாக வந்த லின் பிங்ஜி தன்னை அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும் என்று அடம்பிடிப்பாள். அத்தனை நாள் எல்லாருக்கும் தங்கையாகவே இருந்தவள் அவள். இந்த ஒரு காட்சியிலேயே குருகுலம் குடும்பமாகிவிடுகிறது.

படி 4: வித்தை கைமாறும் வழி

நான் விழுந்த இடம் இது. நிதானமாகப் படியுங்கள்.

ஜின் யோங்கின் 1961 தொடரில் மிங் மார்க்கம் என்ற கூட்டத்தின் தலைவர் யாங் டிங்தியன், தலைவரைத் தவிர யாரும் நுழையக் கூடாத சுரங்கத்துக்குள் இறந்துபோகிறார். அடுத்து யார் என்று கடிதம் எழுதி வைத்திருக்கிறார், ஆனால் கடிதமும் அவரோடு உள்ளேயே கிடக்கிறது. தலைவர் செத்தாரா, போனாரா என்றே வெளியில் யாருக்கும் தெரியாது. பெரிய தலைகள் அடித்துக்கொள்கிறார்கள். ஒருவர் பிரிந்துபோய்த் தனி மார்க்கமே தொடங்கிவிடுகிறார். கடைசியில் ஆறு குருகுலங்கள் சேர்ந்து அழிக்க வருகின்றன. எதிரிக்கு முன்னால் அவர்களைத் தோற்கடித்தது ஒரு பூட்டிய கதவு.

இதைப் படித்ததும் ஒரு பெரிய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மூன்று கட்டம் போட்டேன். சின்னம் யாரிடம்? வித்தை யாரிடம்? ‘இவரே தலைவர்’ என்று ஊர் ஒப்புக்கொள்ளச் சொல்லக்கூடியவர் யார்? எக்செல் வேண்டாம். அதில் எல்லாச் சிஷ்யரும் ஒரே உயர வரிசையாகிவிடுவார்கள், யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்பது கண்ணில் படாது. பென்சிலால் அம்புக்குறி போடுங்கள்.

மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் குருகுலம் பத்திரமாக இருக்கும், ஆனால் கதைக்கு வேலை இருக்காது. அதே 1961 தொடரில் ஏமெய் குருகுலத்தின் தலைவி மியெஜுவே அம்மையார் கோபுரத்தில் அடைபட்ட நிலையில் தலைமைக்குரிய இரும்பு மோதிரத்தை இளையவள் ஜோ ஜிருவோவிடம் கொடுக்கிறார். சின்னம் கைமாறிவிட்டது. மூத்தவள் டிங் மின்ஜுன் ஒப்புக்கொள்ளவில்லை. மூன்றாவது கட்டம் காலி.

என் கதையில் இப்போது குருவின் வாள் மூத்த சிஷ்யனிடம். கடைசி மூன்று வீச்சு, தேயிலை வாட்டும் கொட்டகையில் இரவு வேலை பார்க்கும் கடைசிப் பெண்ணுக்குத் தெரியும். மூங்கில் தட்டைச் சுழற்றி இலையைக் குலுக்கும் அதே மணிக்கட்டு அசைவில்தான் குரு அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தார், அது வாள்வித்தை என்று அவளுக்கே தெரியாது. தலைவரை அறிவிக்கும் உரிமை குருவின் மனைவிக்கு. ஒன்பதாம் அத்தியாயம் ஒரே வாரத்தில் எழுதி முடிந்தது.

படி 5: உள்ளே ஒரு விரிசல்

1967 தொடரின் ஹுவாஷான் குருகுலத்தில் முன்னோர் இருவர் ஒரே ரகசிய நூலை ஆளுக்குப் பாதியாகத் திருட்டுத்தனமாகப் படித்தார்கள். சேர்த்துப் பார்த்தால் பொருந்தவில்லை. அதிலிருந்து மூச்சே பெரிது என்று ஒரு கட்சி, வாளே பெரிது என்று இன்னொரு கட்சி. இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதால் விரிசல் வலிக்கிறது. பணத்துக்காக மட்டும் துரோகம் செய்பவனை வைக்காதீர்கள்.

பின்சேர்க்கை: வூஷியா கதைகளில் வரும், மலையும் வயலும் இல்லாத பிச்சைக்காரர் சங்கத்துக்கு இந்த முறை பொருந்துமா என்று ஒருவர் எழுதியிருந்தார். படி 2 அவர்களுக்கு எல்லா ஊர்த் தெருவும்தான். பதவியைத் தைத்த பைகளின் எண்ணிக்கை காட்டும், ஒன்பது பை வரை. ஆனால் அவர்களுடைய ரகசியக் கோல் சண்டை முறையான நாயடிக் கோல்வித்தை தலைவரிடமிருந்து தலைவருக்கு மட்டுமே போகும், எனவே படி 4ஐ அவர்களுக்கு இன்னும் கவனமாக எழுத வேண்டும்.

இன்னொருவர், சீனப் பெயர்கள் குழம்புகின்றன என்றார். அதன்பிறகு என் சிஷ்யர்களைப் பேச்சில் பெரியண்ணன், மூன்றாம் அண்ணன், சின்ன தங்கை என்றே கூப்பிட வைத்தேன். சீன வழக்கமும் அதேதான், தமிழ்க் காதுக்கும் உடனே பிடிபடுகிறது. பழைய எட்டு அத்தியாயங்களிலும் மாற்றிவிட்டேன்.