கரேலிய மூதாதையரைத் தேட: முதலில் ஊர், பிறகு சபை, கடைசியில்தான் பெயர்

பின்லாந்து-ரஷ்ய எல்லைப் பகுதியான கரேலியாவில் வேர் தேடும் பலர் குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டு நேரே தேடுதளத்தில் இறங்குகிறார்கள். ஒரே பெயரில் நூறு பேர் வந்து நிற்பார்கள். எந்த ஊர், எந்தப் பங்கு (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரம்), சபை லூத்தரனா ஆர்த்தடாக்ஸா என்ற மூன்றும் தெரிந்தால்தான் எந்தப் பதிவேட்டைத் திறப்பது என்பதே தெரியும்.

வீட்டுப் பெரியவர்கள் "விபூரி" (இன்றைய வைபோர்க்) என்று சொன்னால் அது நகரமா மாகாணமா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். பெரும்பாலும் மாகாணமாகத்தான் இருக்கும். இன்றைய வரைபடத்தில் பழைய ஊர்ப்பெயர்கள் பல கிடைக்காது. காகிசல்மி இப்போது பிரியோசெர்ஸ்க், தெரியோக்கி செலெனோகோர்ஸ்க், அந்த்ரேயா காமென்னோகோர்ஸ்க். பழைய ஸ்வீடிஷ் ஏடுகளில் காகிசல்மி கெக்ஸ்ஹோம் என்றும் குர்கியோகி க்ரோனோபோரி என்றும் இருக்கும். பின்னிஷ், ஸ்வீடிஷ், ரஷ்ய மொழிப் பெயர்கள் மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் பாதி வேலை மிச்சம்.

எல்லை வரலாறு இல்லாமல் இந்த ஏடுகள் புரியாது. 1617 ஸ்தோல்போவா உடன்படிக்கையில் காகிசல்மி மாகாணம் ஸ்வீடனிடம் போனது. ஆர்த்தடாக்ஸ் கரேலியர் பெருந்திரளாக ரஷ்யாவின் த்வேர் பக்கம் கிளம்பிவிட, வெறுமையான ஊர்களில் கிழக்கு பின்லாந்தின் சாவோ பகுதி லூத்தரன்கள் வந்து குடியேறினார்கள். அதனால் காகிசல்மிப் பகுதியின் லூத்தரன் குடும்பம் ஒன்றின் தடம் 1600களில் சாவோவுக்குத் திரும்பினால் வியப்பில்லை. 1721இலும் 1743இலும் ரஷ்யா எடுத்துக்கொண்ட நிலம் 1812இல், ரஷ்யப் பேரரசுக்கு உட்பட்டிருந்த பின்லாந்துப் பெருங்கோமகத்தில் சேர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் அதன் பெரும்பகுதி சோவியத் வசமாக, நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பின்லாந்துக்குள் இடம்பெயர்ந்தார்கள். இழந்த பங்குகளின் ஏடுகள் இப்போது பெரும்பாலும் பின்லாந்து தேசிய ஆவணக்காப்பகத்தின் மிக்கெலி கிளையில் இருக்கின்றன.

நூறு ஆண்டுக்கு உட்பட்ட பதிவுகள் இணையத்தில் திறந்திருக்காது. அவற்றுக்கு, போருக்குப் பின் குடும்பம் குடியேறிய புதிய பங்கிடம் வம்சச் சான்று கேளுங்கள். அதில் வரும் பழைய பங்கின் பெயரே உங்கள் அடுத்த படி. அதற்கு முந்தையவற்றுக்கு ஹிஸ்கி, கதிஹா ஆகிய குறிப்பட்டவணைகளும், மூல ஏடுகளின் படங்களுக்கு தேசிய ஆவணக்காப்பகத்தின் அஸ்தியா தளமும் உண்டு. அட்டவணையில் கிடைத்ததை அப்படியே நம்பிவிடக் கூடாது, படத்தைத் திறந்து பாருங்கள். பழைய கையெழுத்தைத் தவறாகப் படித்துப் பதிந்தவை நிறைய.

லூத்தரன் பக்கம் முதுகெலும்பு 'ரிப்பிகிர்யா' எனும் நற்கருணைப் பதிவேடு. வீட்டுக்கொரு பக்கமாகக் குடும்பத்தார் பெயர், பிறந்த நாள், வந்தது, போனது, இறந்தது எல்லாம் அதில் இருக்கும். ஒரு தொகுதி சுமார் பத்தாண்டு. வீட்டைப் பிடித்துக்கொண்டு தொகுதி தொகுதியாகப் பின்னோக்கிப் போங்கள். பிறப்புப் பதிவை மட்டும் தேடுகிறவர், இறந்த குழந்தையின் பெயரையே அடுத்த குழந்தைக்கும் வைத்த வீட்டில் தவறான பிள்ளையைப் பிடித்துக்கொள்வார். பழைய ஏடுகள் ஸ்வீடிஷில் இருப்பதால் ஹெய்க்கி ஹென்ரிக் ஆகவும், அந்த்தி ஆண்டர்ஸ் ஆகவும், பெக்கா பெத்தர் ஆகவும் வருவார்கள். ஒரு நல்ல விஷயம்: கிழக்குப் பகுதியில் '-னென்' என்று முடியும் குடும்பப் பெயர்கள் பரம்பரையாக வருபவை, மணமான பெண்ணும் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்திருந்தாள். தாய்வழி தேடுவது இங்கே மேற்கு பின்லாந்தைவிட எளிது.

சல்மி, சுயோயார்வி, சுயிஸ்தமோ போன்ற ஆர்த்தடாக்ஸ் ஊர்களில் கதை வேறு. 'மெத்ரிக்கா' ஏடுகள் ரஷ்ய மொழியில் பிறப்பு, மணம், இறப்பு என மூன்று பகுதியாக இருக்கும். பல இடங்களில் குடும்பப் பெயரே இருக்காது, "இவான் பெத்ரோவ்" என்று தந்தை பெயரோடு நின்றுவிடும். வீட்டில் ஹுவோதரி என்றழைக்கப்பட்டவர் ஏட்டில் ஃபியோதர், ரீக்கோ கிரிகோரி, ஔதி யெவ்தோகியா. ஒரே ஊரில் மூன்று இவான் பெத்ரோவ் இருந்தால் ஞானத்தாய், ஞானத்தந்தை பெயர்களை வைத்துப் பிரித்தறியுங்கள். உறவினரே பெரும்பாலும் அந்த இடத்தில் நிற்பார்கள். தேதியையும் சரிபாருங்கள்: இவை ஜூலியன் நாள்காட்டி, 1800களில் 12 நாள் கூட்ட வேண்டும், 1700களில் 11.

எல்லைக்கு அப்பால் ரஷ்யப் பக்கத்தில் ஒலோனெத்ஸ் கரேலியர் ஒலோனெத்ஸ் மாகாணத்திலும், வெள்ளைக் கடல் பக்கத்து வியனா கரேலியர் அர்க்கங்கெல்ஸ்க் மாகாணத்தின் கெம் வட்டத்திலும் பதிவாகியிருப்பார்கள். அங்கே வரிக்கணக்கெடுப்புப் பட்டியல்கள் கைகொடுக்கும். ஆண்களுக்கு முந்தைய கணக்கெடுப்பிலும் அப்போதும் என்ன வயது என்று இரண்டும் தருவதால் தலைமுறைகளை இணைக்கலாம். 1811ஆம் ஆண்டுப் பட்டியலில் பெண்களே கிடையாது. அவர்களை அதில் தேடி நேரம் வீணாக்க வேண்டாம்.

1700களின் தொடக்கத்தை நெருங்கும்போது பல பங்குகளில் ஏடுகள் இருக்காது, போர்க்காலம். அதற்கு முன் வரிப்பட்டியல்கள்தாம், அவற்றில் பெரும்பாலும் வீட்டுத் தலைவர் பெயர் மட்டும். அதே நிலம், அதே குடும்பப் பெயர், ஒத்துவரும் காலம் மூன்றும் இருந்தால்தான் தந்தை மகன் என்று எழுதுங்கள், அப்போதும் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள்.