லட்சத்தீவில் முக்குளிப்பும் தூண்டிலும்: டெல்டாவிலிருந்து கிளம்புவோருக்கு ஒரு வழிகாட்டி

திருவாரூர், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து லட்சத்தீவுக்குப் போய், முதுகில் காற்றுச் சிலிண்டரோடு கடலுக்குள் இறங்கும் ஸ்கூபா முக்குளிப்பையும் தூண்டில் மீன்பிடிப்பையும் ஒரே பயணத்தில் முடித்துவர நினைப்பவர்கள், தங்கள் திட்டத்தைத் திரும்பி வரும் நாளிலிருந்து பின்னோக்கி எழுதத் தொடங்க வேண்டும். கப்பலில் திரும்புகிறோமா, விமானத்தில் திரும்புகிறோமா என்பது முடிவாகிவிட்டால், எந்த நாளில் முக்குளிப்பது, எந்த நாளில் தூண்டில் போடுவது என்பது தானாகவே வரிசைப்பட்டுவிடும். நானும் நண்பர்கள் மூவரும் முதல்முறை போனபோது இதைத் தலைகீழாகச் செய்தோம். போய் இறங்கிய உற்சாகத்தில் முதலில் தூண்டிலோடு படகேறி, வெயிலிலும் வாந்தியிலும் துவண்டு, மறுநாள் முக்குளிப்பைத் தள்ளிப்போட்டோம். பிறகு விமானத்துக்கு முந்தைய நாள் வந்துவிட்டது; முக்குளித்த சூட்டோடு விமானம் ஏறக் கூடாது என்பதால் எங்களில் ஒருவர் தண்ணீருக்குள் தலையை நனைக்காமலேயே ஊர் திரும்பினார்.

கடற்கரை பக்கத்திலேயே இருக்கும்போது ஏன் மேற்குக் கடலுக்குப் போக வேண்டும் என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பூம்புகாரிலிருந்து கோடியக்கரை வரை நம் கடல், காவிரியும் அதன் கிளைகளும் கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கலங்கியிருக்கும் கடல். பவளப்பாறை வளரத் தெளிந்த உப்புநீரும் அடிவரை இறங்கும் வெயிலும் வேண்டும். வண்டலும் நன்னீரும் சேரும் ஆற்று முகத்தில் அது நிலைப்பதில்லை. கோடியக்கரைக்குத் தெற்கே உள்ள பாக் நீரிணைப் பகுதியோ ஆழம் குறைந்தது, சேறு கிளம்பினால் கையை நீட்டினால் கை தெரியாது. மன்னார் வளைகுடாவில் பவளத்தீவுகள் உண்டு என்றாலும் அவற்றில் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாக இருப்பதால், நினைத்தபடி போய் இறங்க முடியாது. லட்சத்தீவின் 36 தீவுகளும் பவளத்தால் ஆனவை. ஆறு என்ற ஒன்றே அங்கே இல்லாததால் கடல் கண்ணாடியாக இருக்கிறது. ஆறே இல்லாத ஊர் எப்படி இருக்கும் என்பதை நம்மைப் போன்ற ஆற்றுப்பாசனக்காரர்கள் ஒருமுறையாவது பார்த்துவர வேண்டும் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

காலம்

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12ஐ ஒட்டித்தான் தென்மேற்குப் பருவமழை அரபிக்கடலைப் புரட்டத் தொடங்கும். அப்போதிருந்து செப்டம்பர் வரை தீவுக் கடல் கொந்தளிப்பாக இருக்கும், கப்பல்களும் குறையும். ஐப்பசி, கார்த்திகையில் அங்கே வானம் தெளிந்துவந்தாலும், இங்கே வடகிழக்குப் பருவமழையும் சம்பா வேலையும் சேர்ந்து யாரையும் ஊரை விட்டு நகர விடாது. புயல் வந்தால் ரயில் பாதையும் போய்விடும். ஆகவே டெல்டாக்காரர்களுக்கு வாய்த்த காலம் மாசி, பங்குனிதான். சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்பே வயலில் உளுந்தையும் பயறையும் தெளித்துவிட்டவர்களுக்கு, அது காய்க்கும் வரை பெரிய வேலை இல்லை. விசைப்படகுத் தொழிலில் இருப்பவர்கள், கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை உள்ள மீன்பிடித் தடைக்காலத்தின் முதல் சில வாரங்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம். மே பாதிக்கு மேல் தள்ளிப்போட வேண்டாம்.

அனுமதியும் வழியும்

லட்சத்தீவுக்குள் நுழைய இந்தியக் குடிமக்களுக்கும் அனுமதிச் சீட்டு கட்டாயம். 1967ஆம் ஆண்டின் நுழைவுக் கட்டுப்பாட்டு விதிகள் இன்றும் நடைமுறையில் உள்ளன. எந்தத் தீவுக்குப் போகிறோம் என்பதைக் குறிப்பிட்டே சீட்டு தரப்படும் என்பதால், முதலில் தீவைத் தேர்ந்துகொள்ள வேண்டும். முக்குளிப்புக்கு கடமத், கவரத்தி, பங்காரம் ஆகியவை பேர் பெற்றவை; சூரை மீன்பிடிப்பை அதன் பழைய முறையில் பார்க்க விரும்புகிறவர்கள் மினிக்காயை நினைப்பார்கள். இரண்டையும் ஒரே தீவில் முடிப்பதே செலவுக்கும் உடம்புக்கும் நல்லது. காவல்துறைச் சான்று கேட்கப்படலாம். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் அதற்கு விண்ணப்பிக்க முடியும், ஆனால் விசாரணைக்கு நாள் பிடிக்கும் என்பதால் குறைந்தது இரண்டு மாதம் முன்பே வேலையைத் தொடங்குங்கள்.

தீவுகளின் வாசல் கொச்சி. காரைக்கால்–எர்ணாகுளம் விரைவு ரயில் நாகை, திருவாரூர், தஞ்சை, திருச்சி வழியாக இரவோடு இரவாகப் போய்ச் சேர்ந்துவிடும். அங்கிருந்து அகத்திக்கு ஒன்றரை மணி நேரம் போல விமானம். அல்லது பெரும்பாலும் ஓர் இரவுக்குக் குறையாத கப்பல் பயணம். ரயிலில் இறங்கிய அன்றே கப்பலேறத் திட்டமிடாதீர்கள். ரயில் தாமதமானால் கப்பல் காத்திருக்காது, அடுத்த கப்பல் எப்போது என்பது அடுத்த கப்பலுக்கே தெரியாது. பல தீவுகளில் கப்பல் கரைக்கு வராமல் பவளத் திட்டுக்கு வெளியே நின்றுவிட, அலையில் ஆடும் சிறு படகுக்கு இறங்கித்தான் கரை சேர வேண்டியிருக்கும். ஒரு கையால் தூக்க முடியாத பையையும், படியிறங்க முழங்கால் ஒத்துழைக்காத பெரியவர்களையும் அழைத்துச் செல்வதற்கு முன் இதை யோசியுங்கள்.

ஊரிலேயே செய்ய வேண்டிய பயிற்சி

குடமுருட்டியிலும் வெண்ணாற்றிலும் நீந்தி வளர்ந்தவர்களுக்கு ஸ்கூபா எளிது என்று எண்ணம் உண்டு. நீச்சல் தெரிவது உதவும். ஆனால் ஆற்றில் நாம் பழகியது மூச்சை அடக்கி மூழ்குவதை, ஸ்கூபாவில் முதல் விதியே எக்காரணம் கொண்டும் மூச்சை அடக்கக் கூடாது என்பதுதான். பத்து மீட்டர் ஆழத்தில் நம்மைச் சூழும் அழுத்தம் கரையில் உள்ளதைப் போல இரு மடங்கு. அந்த ஆழத்தில் சிலிண்டரிலிருந்து நுரையீரல் நிறைய இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அது இரு மடங்காக விரியப் பார்த்து நுரையீரலைக் கிழித்துவிடும். பழைய பழக்கம் கையை மீறி வரும் என்பதால், ஆற்று நீச்சல்காரர்கள்தான் இதில் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும்.

பயிற்றுநரின் பிடியில் ஒருமுறை இறங்கிப் பார்க்கும் அறிமுக முக்குளிப்புக்கு முன்பயிற்சி வேண்டியதில்லை. அதில் 12 மீட்டருக்கு மேல் அழைத்துச் செல்ல மாட்டார்கள். ஓப்பன் வாட்டர் எனப்படும் அடிப்படைச் சான்று பெற்றவர்கள் 18 மீட்டர் வரை போகலாம். இந்தப் படிப்பின் பாடத்தையும் நீச்சல்குளப் பயிற்சியையும் பக்கத்திலுள்ள புதுச்சேரியில் முடித்துக்கொண்டு தீவுக்குப் போனால், அங்கே கிடைக்கும் சில நாட்களை வகுப்பறையில் தொலைக்க வேண்டியதில்லை. நீச்சல்குளத்தில் மிதக்காமல் கீழே இறங்க இடுப்பில் கட்டிய ஈயம் கடலில் போதாது என்பதையும் நினைவில் வையுங்கள்: உப்புநீரின் மிதப்பு கூடுதல் என்பதால், உடலும் கருவிகளும் சேர்ந்து 100 கிலோ என்றால் ஏறத்தாழ இரண்டரைக் கிலோ ஈயம் கூட்ட வேண்டியிருக்கும்.

ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு, காதில் அறுவைச் சிகிச்சை, கர்ப்பம் ஆகியவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் கேட்காமல் பணம் கட்டாதீர்கள். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு முக்குளிப்பு இல்லை. மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக் காதின் அழுத்தத்தைச் சமன்செய்ய முடியாதவர், செவிப்பறையைப் பணயம் வைத்தே கீழே இறங்குகிறார். காசு கட்டியாகிவிட்டதே என்று சளியை மறைப்பவர்கள் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். அவரைக் கண்டுபிடித்து நிறுத்துவது நண்பர்களின் பொறுப்பு.

முதலில் முக்குளிப்பு, பிறகு தூண்டில்

அழுத்தத்தில் மூச்சுவிடும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கரைந்து தங்குகிறது. வேகமாக மேலே வந்தாலோ, அது வெளியேறும் முன் காற்றழுத்தம் குறைந்த விமானத்தில் ஏறினாலோ, சோடா பாட்டிலைத் திறந்ததுபோல உடலுக்குள் குமிழ்கள் கிளம்பும். மூட்டுவலியில் தொடங்கி முடக்கம் வரை போகலாம். அதற்கான அழுத்த அறைச் சிகிச்சையைச் சிறு தீவில் எதிர்பார்க்க முடியாது. எனவே நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் போகாத வேகத்தில் ஏறுவதும், 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நின்று வருவதும் தவிர்க்கக் கூடாதவை. ஒரே ஒரு முக்குளிப்பு என்றால் விமானத்துக்கு முன் குறைந்தது 12 மணி நேரமும், பல நாட்களில் பலமுறை என்றால் 18 மணி நேரமும் இடைவெளி வேண்டும். நான் எப்போதும் ஒரு முழு நாளை விடுகிறேன்.

அந்த ஒரு நாள்தான் தூண்டிலுக்கு உரிய நாள். காலையில் முக்குளித்துவிட்டு மாலையில் பெரிய மீனோடு மல்லுக்கட்டுவதும் சரியல்ல, ஏனெனில் முக்குளிப்புக்குப் பிந்தைய கடும் உழைப்பும், வெயிலில் உடல்நீர் வற்றுவதும் அந்தக் குமிழ் அபாயத்தைக் கூட்டுகின்றன. மூன்று நாள் முக்குளிப்பு, ஓர் இரவு நல்ல தூக்கம், மறுநாள் தூண்டில், அதற்கடுத்த நாள் விமானம் என்பதே நல்ல வரிசை. கப்பலில் திரும்புபவர்களுக்கு விமானக் கெடுபிடி இல்லை. ஆனாலும் ஒரே நாளில் இரண்டையும் கலக்க வேண்டாம்.

தீவின் மீன்பிடிப்பில் பார்க்க வேண்டியது கழித் தூண்டில் முறை. படகுக்காரர்கள் முதலில் பவளத் திட்டுக்கு உட்பக்கமுள்ள காயலின் ஆழமற்ற நீரில் சிறு மீன்களை வலையால் கோலி, கடல்நீர் புகுந்து வெளியேறும் தொட்டியில் உயிரோடு வைத்துக்கொண்டு வெளிக்கடலுக்குப் போகிறார்கள். பறவைகள் வட்டமிடும் இடத்தில் சூரைக் கூட்டம் இருப்பதை அறிந்து, உயிர் இரையை அள்ளி வீசி, கூடவே தண்ணீரையும் தெளிக்கிறார்கள். சிறு மீன்கள் துள்ளுவதாக நினைத்துச் சூரை வெறிகொண்டு மேலே வரும். பின்பக்க மேடையில் வரிசையாக நிற்பவர்கள் கழியை வீசி இழுக்க, தூண்டில் முள்ளில், மீனைக் கழலவிடாமல் பிடிக்கும் எதிர்முள் இல்லாததால் மீன் தானாகக் கழன்று தளத்தில் விழும். அடுத்த நொடி முள் மறுபடியும் தண்ணீரில் இருக்கும். வலையில் மாட்டும் ஆமைக்கும் சுறாக் குட்டிக்கும் இந்த முறையில் வேலை இல்லை. தொழிலுக்குப் போகும் படகில் ஓரமாக உட்கார்ந்து பார்க்க இடம் கிடைத்தாலே பெரிது. கழியைக் கையில் கேட்டு அவர்கள் வேலையைக் கெடுக்க வேண்டாம்.

நாமே பிடிக்க வேண்டுமென்றால் தனிப் படகு பேசி, திட்டுக்கு வெளியே கைத்தூண்டிலோ ரீல் தூண்டிலோ போடலாம். பாறை, சீலா, சூரை மீன்கள் கிடைக்கும். பேசும்போதே மூன்று விஷயங்களைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: உயிர்காப்பு உடை ஆளுக்கொன்று இருக்கிறதா, நங்கூரத்தைப் பவளத்தின் மேல் இறக்காமல் மணலில் இறக்குவார்களா, பிடித்த மீன் யாருக்கு. பெரிய பாறை மீன் இழுக்கும்போது தூண்டில் நரம்பைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது, விரல் போய்விடும். கையுறை அவசியம். சமைக்க வேண்டிய அளவுக்கு மேல் பிடிபட்டதை விட்டுவிடுங்கள். அதற்காகவே முள்ளின் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிக்கொண்டு போவது நல்லது. சூரையை உடனே பனிக்கட்டியில் போட வேண்டும். வெயிலில் கிடந்த சூரையில் உண்டாகும் ஹிஸ்டமின், எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது. முகம் சிவந்து, தலைவலியும் வயிற்றுப்போக்கும் வரும்.

பையில் என்ன

குமட்டல் மாத்திரையை மருத்துவரிடம் கேட்டுக் கொண்டுபோங்கள், ஆனால் தூக்கம் வரவழைக்கும் மாத்திரையோடு முக்குளிக்கக் கூடாது. நார்த்தங்காய் ஊறுகாய் மருந்தல்ல என்பது தெரியும். இருந்தாலும் கப்பலில் எங்களைச் சாப்பிட வைத்தது அதுதான். அகத்திக்கு வருவது சிறு விமானம் என்பதால் எடைக் கட்டுப்பாட்டை முன்பே கேட்டு, முகமூடி மட்டும் சொந்தமாக வைத்துக்கொண்டு மற்ற கருவிகளைத் தீவிலேயே வாடகைக்கு எடுங்கள். மது கொண்டுபோகாதீர்கள், மக்கள் குடியிருக்கும் தீவுகளில் மதுவிலக்கு உண்டு. ஊருக்குள் நடக்கும்போது குளியல் உடையோடு திரியாமல் வேட்டியோ லுங்கியோ கட்டிக்கொள்வது மரியாதை.

திரும்பும்போது பவளத் துண்டு, கடல் அட்டை, கடற்குதிரை எதையும் பையில் போடாதீர்கள். பவளங்களும் இவையும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காக்கப்பட்டவை. கரையில் ஒதுங்கிக் கிடந்தது என்ற சமாதானம் செல்லாது. வீட்டுக்கு வாங்கிவர ஏற்றது மாசி: சூரையை வேகவைத்து, புகையிட்டு, வெயிலில் காயவைத்தது, மரக்கட்டைபோல இருக்கும், துருவித் தேங்காயோடு சம்பல் அரைக்கலாம். அதை இரட்டை உறை போட்டு இறுக்கிக் கட்டுங்கள். எர்ணாகுளத்திலிருந்து திருவாரூர் வரை ஒரு முழு இரவு ரயிலில் மற்றவர்களும் உங்களோடு தூங்க வேண்டும்.