கொட்டலசை எப்படி அடையாளம் காண்பது, எப்படிக் காப்பது

கடல் வற்றிய நேரத்தில் பாறைப் பக்கம் போனால் வெள்ளையும் சாம்பலுமாகச் சொரசொரவென்று ஏதோ அப்பியிருக்கும், காலில் பட்டால் கீறிவிடும். அதுதான் கொட்டலசு, பார்னக்கிள் என்றும் சொல்வார்கள். நிறையப் பேர் சிப்பி என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள், ஆனால் இது நண்டுக்கும் இறாலுக்கும் உறவு. குஞ்சுப் பருவத்தைக் கவனித்த பிறகு, 1830 வாக்கில்தான் ஆய்வாளர்களுக்கே இது பிடிபட்டது.

குனிந்து ஒன்றை மட்டும் பாருங்கள். குட்டி எரிமலை மாதிரி இருக்கும், சுற்றிலும் சுவர்போலத் தகடுகள், பல வகைகளில் ஆறு, உச்சியில் ஒரு வாய், அதை மூடித் திறக்கச் சின்னக் கதவுத் தகடுகள். கதவே இல்லாமல் தொப்பி கவிழ்த்த மாதிரி ஒரே ஓடு என்றால் அது லிம்பெட் என்கிற நத்தை. மிதந்து வந்த கட்டையில் சதைக்காம்போடு தொங்குவதும் கொட்டலசுதான், வேறு வகை.

உயிர் இருக்கிறதா என்று குத்திப் பார்க்காதீர்கள். பாறைக்குழித் தண்ணீருக்குள் இருப்பதாக ஒன்றைத் தேர்ந்து, உங்கள் நிழல் விழாமல் அசையாமல் உட்காருங்கள். கதவு மெல்லத் திறக்கும், இறகு விசிறி மாதிரி ஒன்று வெளியே வந்து தண்ணீரை வாரி உள்ளே இழுக்கும், மறுபடி வரும். அது அதன் கால்கள்! தலைகீழாக ஒட்டிக்கொண்டு காலால் இரையை அள்ளிச் சாப்பிடுகிற உயிர் இது.

சரி, காப்பது எப்படி? முதலில், சுரண்டாதீர்கள். குஞ்சாக இருக்கும்போது மிதந்து அலைந்து, இடத்தைத் தடவிப் பார்த்துத் தேர்ந்து, தானே சுரக்கும் பசையால் ஒட்டிக்கொள்கிறது. பாறையிலிருந்து பெயர்த்தால் திரும்ப ஒட்டாது, செத்துப்போகும். இன்னொன்று, பெரும்பாலும் எட்டும் தூரத்தில் இருக்கும் பக்கத்து கொட்டலசோடுதான் இது இணைசேரும், அதனால் நடுவில் கொஞ்சம் சுரண்டினாலும் மிஞ்சியது தனித்துப்போய்விடும். நடக்கும்போது மணலிலோ வெறும் பாறையிலோ கால் வையுங்கள். புரட்டிய கல்லைப் பழையபடியே வைத்துவிடுங்கள். காலிக் கூட்டையும் விட்டுவிடுங்கள், குட்டி நத்தைகள் அதில் ஒதுங்கும்.

ஆமை ஓட்டில் இருப்பதைக் கையால் பிடுங்காதீர்கள், ஓடு காயப்படும். ஆமை சோர்ந்து கிடந்தால் வனவிலங்கு மீட்புக்காரர்களுக்குச் சொல்லுங்கள். படகின் அடியில் ஒட்டியதைச் சுரண்டுவதில் தப்பே இல்லை, வேகம் குறையும், எரிபொருள் கூடும். ஆனால் வேறு கடலுக்குப் படகைக் கொண்டுபோகும் முன்பே கரையேற்றிச் சுரண்டுங்கள், இல்லாவிட்டால் அங்கே இல்லாத வகை தொற்றி அந்த இடத்துக் கொட்டலசின் பாறையைப் பிடித்துக்கொள்ளும்.