மலையகத்தில் கார் வைத்திருப்பவர்களுக்கு: பெயிண்டையும் உள்பக்கத்தையும் காக்க எதை வாங்குவது?

போன மாதம் தங்கச்சி வீட்டு மாப்பிள்ளை ஒரு வெள்ளைக் கார் வாங்கினார். பத்து வருடம் ஓடிய வண்டி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இப்போதும் வரியோடு சேர்த்தால் புது வண்டி நம்மில் பலருக்கு எட்டாத விலை. அதனால் கையில் இருப்பதைக் காப்பாற்றத்தான் வேண்டும்.

"மச்சான், பளபளன்னு இருக்க எத வாங்கணும்?" என்று கேட்டார்.

"மொதல்ல வண்டிய எங்க நிறுத்துறீங்கன்னு சொல்லுங்க" என்றேன். இந்தப் பதிவும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. கொழும்பில் இருப்பவருக்கு வெயிலும் புழுக்கமும் பிரச்சினை. நமக்கு ஈரம். பளபளப்பைப் பார்த்து வாங்காதீர்கள், ஈரத்தைத் தாங்குமா என்று பார்த்து வாங்குங்கள்.

முதல் படி: வண்டி நிற்கும் இடம்

ஹட்டன், கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் மே தொடங்கி செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை விடாது. பதுளை, பண்டாரவளைப் பக்கம் டிசம்பரை ஒட்டிய மாதங்களில்தான் பெரும் மழை. ஜூன், ஜூலையில் அங்கே வெயிலும் காற்றும். பாதுகாப்புப் பூச்சை மழை தொடங்குவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும் என்பதால் உங்கள் ஊர் எந்த மழையில் நனைகிறது என்பது முக்கியம். ஹட்டன்காரர் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் முடிக்கலாம். ஊவாப் பக்கத்தவர்களுக்கு ஜூலை, ஆகஸ்ட் வசதி.

குளிராக இருப்பதால் வெயில் ஒன்றும் செய்யாது என்று நினைப்பவர்கள் உண்டு. உயரம் ஒவ்வொரு 1000 மீற்றர் கூடும்போதும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காற்று சில்லென்று இருந்தாலும் டேஷ்போர்டும் பொனட்டும் அந்தக் கதிரில் வெந்துகொண்டுதான் இருக்கின்றன.

யூகலிப்டஸ் அல்லது பைனஸ் மரத்தடியில் நிறுத்துகிறீர்களா? பிசினும் பறவை எச்சமும் விழும். எச்சத்தை அன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஈரத்துணியை ஐந்து நிமிடம் மேலே போட்டு ஊறவைத்து, அப்படியே தூக்கி எடுக்க வேண்டும். காய்ந்ததைத் தேய்த்தால் கீறல் நிச்சயம்.

இரண்டாம் படி: ஒரு கப் தண்ணீர், ஒரு பொலித்தீன் பை

காசு செலவழிக்கும் முன் பெயிண்ட் என்ன நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். கழுவிய பொனட்டின் மேல் ஒரு கப் தண்ணீர் ஊற்றுங்கள். சேம்பிலையில் உருளுவதுபோல உருண்டு ஓடினால் பழைய பூச்சு இன்னும் இருக்கிறது. பாய் விரித்ததுபோலப் படர்ந்து நின்றால் ஒன்றும் இல்லை.

அடுத்து மெல்லிய பொலித்தீன் பைக்குள் கையை விட்டு, நன்றாகக் கழுவிய கதவை மெதுவாகத் தடவிப் பாருங்கள். வெறுங்கைக்குத் தெரியாத சொரசொரப்பு பை வழியாக மணல்போலத் தெரியும். நம் வண்டிகளில் இது கதவின் கீழ்ப்பகுதியிலும் சக்கரத்தைச் சுற்றியும் அதிகம் இருக்கும். இறக்கத்தில் நெடுகப் பிரேக்கை மிதித்தே வருகிறோம், அதில் தேயும் இரும்புத் தூள்தான் பறந்து ஒட்டுகிறது. இதற்கென்று அயர்ன் ரிமூவர் என்ற திரவம் இருக்கிறது. தெளித்தால் இரும்பு இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறமாகிக் கரையும். காயவிடாமல் கழுவிவிட வேண்டும். மிச்சம் இருப்பதைக் கிளே பார் என்ற களிமண் கட்டியால், நிறைய ஷாம்புத் தண்ணீர் விட்டு, அழுத்தாமல் எடுக்கலாம். கட்டி கீழே விழுந்தால் எடுத்துத் துடைத்துப் பாவிக்காதீர்கள், எறிந்துவிடுங்கள்.

மூன்றாம் படி: கழுவும் சாமான்

என்னைக் கேட்டால் முதல் காசு இங்கேதான் போக வேண்டும். துணி துவைக்கும் பவுடரும் பாத்திரம் கழுவும் திரவமும் எண்ணெயை எடுக்கச் செய்தவை. போட்ட வக்ஸையும் சேர்த்தே எடுத்துவிடும். லேபிளில் பி.எச். நியூட்ரல் (அமிலமும் காரமும் இல்லாதது) என்று போட்ட கார் ஷாம்பு ஒன்று வாங்குங்கள். வாளி இரண்டு: ஒன்றில் ஷாம்புத் தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். ஒவ்வொரு முறையும் துணியை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பு வாளிக்குள் விட வேண்டும். நம் ஊர்ச் செம்மண் அந்த வாளியின் அடியில் தங்குவதைப் பார்த்தால், இத்தனை நாள் எதை வைத்துப் பெயிண்டைத் தேய்த்தோம் என்று புரியும்.

துடைக்க மைக்ரோஃபைபர் துணி, குறைந்தது நான்கு. சக்கரத்துக்கு வைத்ததை பொனட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். துவைக்கும்போது வாசனைக் கண்டிஷனர் போடாதீர்கள், இழை அடைத்துத் தண்ணீரை உறிஞ்சாமல் போய்விடும்.

மட்கார்டின் உள் விளிம்பில் சேறு அப்பிக் கிடந்தால் அந்த ஈரமே துருவைக் கொண்டுவரும். தோட்டப் பாதையில் போய்வந்த அன்று ஹோஸ் பிடித்து அதைக் கரைத்துவிடுங்கள். சில இடங்களில் அடிப்பக்கம் கறுப்பாகத் தெரிவதற்காக டீசலோ பழைய ஒயிலோ அடிப்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள், அடிப்பக்க இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ் ஊறிக் கெட்டுவிடும்.

நான்காம் படி: மேல்பூச்சு

பொலிஷும் வக்ஸும் ஒன்று என்று நினைத்துத்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பொலிஷ் தேய்த்து எடுப்பது. வக்ஸ் மேலே பூசிக் காப்பது. பெயிண்டின் மேலே இருக்கும் கிளியர் கோட் பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரோன்தான், எழுதும் தாளின் கனத்தில் பாதி. ஒவ்வொரு 'கட் அண்ட் பொலிஷ்'ஷிலும் அதில் கொஞ்சம் போகிறது. தீபாவளிக்கு ஒரு தடவை, சித்திரைக்கு ஒரு தடவை என்று செய்தால் சில வருடத்தில் கூரையும் பொனட்டும் வெளுத்து உரியத் தொடங்கும். கண்ணுக்குத் தெரியும் கீறல் இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

பூச்சில் மூன்று வகை. கர்னூபா வக்ஸ் பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் இலையிலிருந்து எடுப்பது. அழகான மினுமினுப்பு, ஆனால் நம் மழைக்கு இரண்டு மாதம் நின்றால் பெரிது. சீலன்ட் என்பது செயற்கைப் பொலிமர். நல்லதாக இருந்தால் நான்கு முதல் ஆறு மாதம், ஒரு பருவமழையைக் கடத்திவிடும். செரமிக் கோட்டிங் சிலிக்கா சேர்ந்தது, ஒழுங்காகப் போட்டால் வருடக்கணக்கில் நிற்கும்.

தொடக்கக்காரருக்கு நான் சொல்வது சீலன்ட். செரமிக் கெட்டது என்று சொல்ல வரவில்லை. போடுவதற்கு முன் பெயிண்ட் முழுச் சுத்தமாக இருக்க வேண்டும், காற்றில் ஈரம் குறைவாக இருக்க வேண்டும், போட்ட பின் ஒரு நாளாவது நனையக் கூடாது. மூடிய கராஜ் இல்லாத வீட்டில், மூன்று மணிக்கே பனிமூட்டம் இறங்கும் ஊரில், இது நடக்காது. திட்டுத் திட்டாகக் காய்ந்துவிட்டால் மறுபடி பொலிஷ் செய்துதான் எடுக்க வேண்டும். அதோடு, கல் பட்டாலும் கீறாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தப் பூச்சின் கனம் ஒன்றிரண்டு மைக்ரோன். கல்லடியைத் தடுப்பது பெயிண்டின் மேல் ஒட்டும், 150 மைக்ரோனுக்கு மேல் கனமுள்ள பி.பி.எஃப். என்ற தெளிவான ஃபிலிம்தான், அது வேறு விலை.

சீலன்ட் போட நம் ஊரில் நல்ல நேரம் காலை பத்து முதல் ஒரு மணி வரை. பனி காய்ந்திருக்கும், மழை வந்திருக்காது. தகரம் தொட்டால் சில்லென்று ஈரமாக இருக்கக் கூடாது; சுடவும் கூடாது. ஒரு கதவுக்கு ஐம்பது சதக் குற்றி அளவு போதும். மெல்லிய படலமாகப் பூசி, லேபிளில் சொன்ன நேரம் விட்டு, சுத்தமான துணியால் துடைத்தெடுங்கள். கனமாகப் பூசினால் கூடுதல் நாள் நிற்காது, துடைக்கத்தான் கை வலிக்கும்.

ஐந்தாம் படி: உள்பக்கம்

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மே மாதம், ஒரு சாவுக்காக ஊருக்குப் போய் ஒன்பது நாள் காரைப் பூட்டியே வைத்திருந்தேன். பின் சீட்டடியில் நனைந்த குடை ஒன்று கிடந்திருக்கிறது. திரும்பி வந்து கதவைத் திறந்ததும் நனைந்த சாக்கு வாடை. ஸ்டியரிங்கைச் சுற்றிக் கோதுமை மா தூவியதுபோல வெள்ளைப் பூஞ்சணம். சீட் பெல்ட்டை இழுத்தால், சுருண்டு உள்ளே இருந்த பகுதியில் சாம்பல் நிறப் புள்ளிகள். அந்தப் புள்ளிகள் கடைசிவரை முழுதாகப் போகவில்லை.

பூஞ்சணம் வந்துவிட்டால் உலர்ந்த பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், தூள் வண்டி முழுக்கப் பரவும். மாஸ்க் போட்டுக்கொண்டு, கதவெல்லாம் திறந்து, வினாகிரியும் தண்ணீரும் சரிக்குச் சரி கலந்து நனைத்த துணியால் பிளாஸ்டிக்கைத் துடைத்தெடுங்கள். தோல் சீட்டுக்கு வினாகிரி வேண்டாம், லெதர் கிளீனர் வாங்குங்கள். பிளீச் எதற்கும் வேண்டாம்: துணி வெளுக்கும், சீட் பெல்ட்டின் நூல் பலமிழக்கும்.

வராமல் தடுக்கத் தேவையானவை மலிவானவை. கார்ப்பெட் மெட்டுக்குப் பதில் விளிம்பு உயர்ந்த ரப்பர் மெட். சீட்டடியில் சிலிக்கா ஜெல் பை இரண்டு. நிறம் மாறும் வகையாக இருந்தால் எப்போது காய வைக்க வேண்டும் என்று அதுவே காட்டும். அப்புறம், முன் கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் பள்ளத்தில் சேரும் இலைகளை மாதம் ஒரு முறை அள்ளுங்கள். அது அடைத்தால் மழைத்தண்ணீர் வழி தேடிக் கால் வைக்கும் இடத்துக்கே வந்துவிடும். மழையில் ஓடும்போது ஏசியைப் போடுங்கள், வேண்டுமென்றால் ஹீட்டரோடு சேர்த்து. காற்றிலுள்ள ஈரத்தை எடுப்பது ஏசிதான்.

டேஷ்போர்டுக்கு வாங்கும்போது மட்டும் நின்று யோசியுங்கள். எண்ணெய் வடிவது போன்ற பளபளப்புத் தரும் சிலிக்கோன் திரவத்தை ஒரு முறை நான் பூசினேன். றம்பொடை வளைவில் மூடுபனிக்குள் போகும்போது டேஷ்போர்டின் பிரதிபலிப்பு முன் கண்ணாடி முழுக்க வெள்ளையாக விழுந்தது. எதிரே வந்த பஸ்ஸின் லைட் கிட்ட வந்த பிறகுதான் தெரிந்தது. அன்று மாலையே துடைத்து எடுத்தேன். தண்ணீர் அடிப்படையிலான, மங்கலாகக் காயும், யு.வி. (புற ஊதாக் கதிர்) பாதுகாப்பு உள்ள திரவத்தைக் கேட்டு வாங்குங்கள். எதுவாக இருந்தாலும் ஸ்டியரிங்கிலும் பெடலிலும் படக் கூடாது, வழுக்கும்.

எதை முதலில்?

மாப்பிள்ளைக்கு எழுதிக் கொடுத்த வரிசை இதுதான். முதல் மாதம் ஷாம்பு, வாளி, துணி, ரப்பர் மெட், சிலிக்கா ஜெல். அடுத்த மாதம் அயர்ன் ரிமூவரும் சீலன்ட்டும். டேஷ்போர்டுத் திரவம் அதற்குப் பிறகு. அதுவரை ஈரத்துணியும் கண்ணாடிக்கு வெயில் மறைப்பும் போதும். சீலன்ட் போட்ட தேதியைச் சேர்விஸ் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். ஆறு வாரத்துக்கு ஒரு முறை அதே ஒரு கப் தண்ணீரைக் கூரையிலும் பொனட்டிலும் ஊற்றிப் பாருங்கள். இவை இரண்டும்தான் முதலில் தேயும். தண்ணீர் உருளாமல் படர்ந்தால் அந்த இரண்டு இடத்துக்கு மட்டும் மறுபடி பூசினால் போதும், கதவுகளுக்கு இன்னும் நாள் இருக்கும்.