வாடகை வீட்டுக்குள் வெள்ளம்: எந்தச் செலவு ஓனருக்கு, எது உங்களுக்கு?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரியில் ஒரு தரைத்தள வீட்டில் வாடகைக்கு இருந்தேன். முட்டளவுத் தண்ணீர். அது வடிந்த பிறகு வந்த சண்டைதான் பெரிசு. ஊறிப்போன சுவருக்குப் பெயிண்ட் அடிக்கும் செலவை அட்வான்ஸில் கழிப்பேன் என்றார் ஓனர். என் ஃபிரிட்ஜுக்கு நீங்கள்தான் காசு தர வேண்டும் என்றேன் நான். ரெண்டு பேரும் கேட்டது தப்பு என்று பிறகுதான் தெரிந்தது.

முதல் வேலை கரண்ட். மெயின் சுவிட்ச் வரை தண்ணீர் ஏறியிருந்தால் கை வைக்காதீர்கள், மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987க்குக் கூப்பிடுங்கள். தண்ணீர் வடிந்ததும் துடைப்பத்தை எடுக்கத்தான் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு, உப்பிய கதவு, மீட்டர் பாக்ஸ், பாழான சாமான்கள் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அன்றைக்கே ஓனருக்கு வாட்ஸப்பில் அனுப்புங்கள். போனில் பேசியதை யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள்.

அடுத்து செலவைப் பிரிப்பது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் (2017ல் இயற்றியது) அட்டவணையில் இதற்குப் பட்டியலே இருக்கிறது. கட்டடத்தின் பெரிய பழுது, வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், பைப் மாற்றுவது, வயரிங் எல்லாம் ஓனர் தலையில். குழாய், சுவிட்ச், சாக்கெட், வாஷ்பேசின், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு எடுப்பது உங்கள் கணக்கு. வெள்ளத்தில் போன சுவிட்சுக்கு நாம் ஏன் தர வேண்டும் என்று எனக்கும் கோபம்தான், ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் பட்டியல் சொல்வதுதான்.

ஃபிரிட்ஜ், கட்டில், துணிமணி? அது உங்களுடையது, நஷ்டமும் உங்களுடையது. ஓனரின் அலட்சியத்தால்தான் சேதம் என்று காட்ட முடிந்தால் மட்டுமே கதை வேறு.

அட்வான்ஸ் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம் 108ஆம் பிரிவின்படி வீட்டைக் குடிவந்தபோது இருந்த நிலையில் திருப்பித் தர வேண்டும் என்றாலும், சாதாரணத் தேய்மானத்துக்கும் தடுக்க முடியாத இயற்கைச் சக்தியால் வந்த மாற்றத்துக்கும் நீங்கள் பொறுப்பில்லை. வெள்ளக் கறைக்கு அட்வான்ஸில் கை வைக்கிறேன் என்றால் இதைக் காட்டுங்கள்.

ஓனர் தன் பங்கு வேலையைச் செய்யாமல் இழுத்தடித்தால்? எழுத்தில் கேளுங்கள், நியாயமான அவகாசம் கொடுங்கள். அப்படியும் நகரவில்லை என்றால் நீங்களே செய்து, பில்லோடு வாடகையில் கழிக்கலாம், சட்டத்தில் இடம் இருக்கிறது. கோபத்தில் மொத்த வாடகையையும் நிறுத்திவிடாதீர்கள், அது உங்கள் மேலேயே திரும்பும். அதே 108ஆம் பிரிவில், வெள்ளத்தால் வீட்டின் முக்கியப் பகுதி நிரந்தரமாகப் பயன்படாமல் போனால் குத்தகையை முடித்துக்கொள்ளும் உரிமையும் உண்டு. பத்து நாள் நாற்றம் அதில் சேராது, அந்த நாள்களுக்கான வாடகையைப் பேசித்தான் குறைக்க வேண்டும். எனக்கு அரை மாதம் குறைத்தார், அதுவும் போட்டோவைப் பார்த்த பிறகு.

இனி அக்டோபருக்கு முன் செய்ய வேண்டியவை. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். வெள்ளத்துக்குப் பிறகு சம்ப் கழுவும் செலவு, மோட்டார் ரிப்பேர், வீட்டில் இருக்க முடியாத நாள்களின் வாடகை, இந்த மூன்றையும் அதில் சேருங்கள். ஓனர் கட்டடத்துக்கு எடுத்த இன்சூரன்ஸ் உங்கள் சாமானைக் காப்பாற்றாது. பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியை வீட்டுப் பொருள்களுக்கு மட்டும் என்று வாடகைக்கு இருப்பவரும் எடுக்கலாம், வெள்ளமும் அதில் அடக்கம். ரேஷன் கார்டு ஊரில் இருந்தால் இங்கே மாற்றிக்கொள்ளுங்கள். மிக்ஜாம் நிவாரணம் 6,000 ரூபாய் ரேஷன் கடை வழியாகத்தான் வந்தது.

புது வீடு பார்க்கிறீர்களா? தண்ணீர் வருமா என்று ஓனரிடம் கேட்காதீர்கள், சுவருக்குப் புதுப் பெயிண்ட் அடித்து வைத்திருப்பார். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் கேளுங்கள், 2015 வெள்ளம் எதுவரை வந்தது என்று கையை வைத்துக் காட்டுவார்.